மூன்று ஹெச் வாங்கிய மாஸ்டர்

காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஷட்டரைத் தூக்கும்போது ரத்தக்கார அக்காவுக்கு மனிதர்கள் மேல் கொஞ்சநஞ்சம் மரியாதை இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் அது தீர்ந்துவிடும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து, உதட்டோரம் இட்லித் துணுக்கு ஒட்டியிருக்க, "பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலைங்க" என்று சாதிக்கிறவர்கள். ஒரு கையை ஊசிக்கு நீட்டிவிட்டு மறு கையால் போனில் தன் வியாதியைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள். இரண்டு ஸ்பூன் ரத்தம் எடுத்ததற்கு, "மொத்தத்தையும் உறிஞ்சிட்டியேம்மா" என்று பெஞ்சில் மல்லாந்துவிடுகிற தடியர்கள். இருபத்தெட்டு வருஷமாக இவர்கள் எல்லோருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்: "பஞ்சை அழுத்திப் பிடிங்க. அடுத்தவங்க வாங்க."

ஆனால் இவர்களெல்லாம் பரவாயில்லை. அவளுக்கு நிஜமாகவே குமட்டுவது, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவுடனே டாக்டராகிவிடுகிறவர்களைக் கண்டால்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அளவுக்குக் கீழே போனால் மெஷின் எல் என்று போடும், மேலே போனால் ஹெச் என்று போடும், நடுவில் இருந்தால் ஒன்றும் போடாது. அவ்வளவுதான் விஷயம். எல் பார்த்தால் அழுவார்கள். ஒன்றும் இல்லையென்றால், ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு காசு என்று முணுமுணுப்பார்கள். எண் எதை எண்ணியது என்று கேட்டவரை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் ஐம்பது லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். ஆணுக்குக் கொஞ்சம் கூட, பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சில் இழுத்த காற்றை உடம்பெங்கும் சுமந்துபோய்ப் போடுவது அவற்றின் வேலை. அவை குறைந்தால் மாடிப்படி ஏறுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். கூடினால் ரத்தம் கூழாகி, ஓடவேண்டியது ஊர ஆரம்பிக்கும். குறைவதற்கும் கூடுவதற்கும் காரணங்கள் வண்டி வண்டியாக உண்டு. சில சமயம் காரணம் வெறும் தாகம்தான். நாள் பூராவும் தண்ணீர் குடிக்காமல் வந்தாலே எண்ணிக்கை ஏறித் தெரியும். அதனால்தான் ஒற்றை எண்ணைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இதையெல்லாம் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாகப் போட்டிருப்பார்கள்: "நோயின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்." அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிற டாக்டரே அதைப் படித்திருப்பாரா என்பது அவளுக்குச் சந்தேகம். வாரம் இரண்டு நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நூறு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற மகானுபாவர் அவர்.

இத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டில் அவளுடைய அண்ணனை வைத்தால், அண்ணன் தட்டுதான் கீழே இறங்கும். அவளுடைய இளக்காரத்தில் அவருக்கு அவ்வளவு பெரிய பங்கு.

அண்ணனை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அறுபத்திரண்டு வயது, தேக்குக் கதவு மாதிரி மார்பு, எப்போதும் வெயிலில் நின்று வந்தவர் போலச் சிவந்த முகம். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. அதையும் பத்துப் பேர் காதில் விழும்படிதான் சொல்வார். வாலிபத்தில் இரும்புக் குண்டு தூக்கி உடம்பை ஏற்றியவர் என்பதால் சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னும் பயில்வான் என்று பெயர். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் யாருக்காவது ஒரு பீரோவை நகர்த்திக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. தங்கச்சிக்கு ஐம்பத்தாறு வயதாகியும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் பாப்பாவாக இருந்தபோதும் அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ரத்தக்கார அக்காவுக்கு மகள் பிறந்தாள். குழந்தை பிறந்தும் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அக்காவுக்கு ரத்த வகை பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. வீட்டிலேயே அண்ணனுக்கும் அதே வகை என்பது எல்லோருக்கும் தெரியும், ஸ்கூலில் படிக்கும்போதே பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். கணவர் அச்சகத்து மை படிந்த கையோடு ஓடினார். அண்ணன் வாசலிலேயே நின்றார். பனியனோடு, கையில் அந்த இரும்புக் குண்டோடு நின்றுகொண்டு சொன்னார்: "எனக்கே ரத்தம் கம்மி மாப்ள. டாக்டரே சொல்லியிருக்காரு. வேற எங்கயாவது பாருங்க."

வேறெங்கோ பார்த்தார்கள். ஆஸ்பத்திரி லிஃப்டை இயக்குகிற ஆளுக்கு அதே வகை என்று யாரோ சொன்னார்கள். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார். லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்து படுத்தார், கொடுத்தார், எழுந்து போய் லிஃப்டைத் திறந்தார். எட்டு நாள் கழித்துக் குழந்தையோடு இறங்கும்போது அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத்தான் நினைத்தாள். அவர் முகத்தைக்கூடத் திருப்பாமல், "கீழயா, மேலயா?" என்று கேட்டார். அவர் பெயர் இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கூடப்பிறந்த ரத்தம், ரத்த பாசம், ரத்த பந்தம் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.

அன்றைக்கு அவளுடைய சிவப்பணு எண்ணிக்கை இருபத்தொரு லட்சம். கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையில் அவளே படித்தாள். கம்மி என்றால் இதுதான் கம்மி. அப்படியென்றால் அண்ணனுக்கு எவ்வளவு கம்மியாம்? படுத்த படுக்கையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு அதையே நினைத்தாள். மகளுக்கு ஒரு வயதானதும் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்ததற்குச் சேவை, ஆர்வம் என்று வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். உண்மைக் காரணம் அந்தக் கேள்விதான். ஒருநாள் இந்த மனிதனின் ரத்தத்தை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

அந்த நாள் வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். டாக்டர் அண்ணனின் முகச் சிவப்பைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஊரில் நாலு பரிசோதனை நிலையம் இருக்க, மாஸ்டர் நேராகத் தங்கச்சியிடம் வந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர்களுக்கு இலவசம் என்பதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு நிறுத்தாமல் பேசினார். தன்னிடம் கற்றவர்களில் எத்தனை பேர் பஸ் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் வெளிநாட்டில் ஓட்டுகிறார்கள், தன்னைப் போல கிளட்ச் மிதிக்க இந்த ஜில்லாவில் ஆளில்லை. தற்பெருமை பேசக்கூடக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறதே இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்தாள். ரத்தம் கருஞ்சிவப்பாக, மனமில்லாமல் வருவது போல ஊதா மூடி ட்யூபில் இறங்கியது.

மெஷின் சொன்னது: சிவப்பணு எழுபத்திரண்டு லட்சம். ஹீமோகுளோபின் இருபது. ரத்தத்தில் அணுக்களின் பங்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு, நாற்பத்தைந்தைச் சுற்றி இருக்க வேண்டியது. மூன்றுக்கும் பக்கத்தில் மூன்று ஹெச். அவள் அதே ட்யூபை மறுபடி ஓட்டினாள். அதேதான். முதலில் அவளுக்கு வந்தது கவலையில்லை, சிரிப்பு. ரத்தம் கம்மியாம்! பிறகுதான் தொழில் புத்தி விழித்தது. நாள் முழுக்கக் காருக்குள் வெந்து, தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் இது நல்லதற்கில்லை. கையெழுத்து டாக்டரிடம் காட்டினாள். "ரிப்பீட் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் தானாக அண்ணன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"பாப்பா! பாத்தியா? மூணு ஹெச்!"

"பாத்தேன். அதப் பத்தித்தான்..."

"இந்த வயசுல எவனுக்குப் போடும் மெஷினு? மூணு இடத்துல ஹெல்தி, ஹெல்தி, ஹெல்தின்னு போட்டிருக்கு!"

ஹெச்சைப் பார்த்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அதைப் பரிசாக வாங்கிக்கொண்டவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"அண்ணா, ஹெச்சுன்னா ஹெல்தி இல்ல. ஹை. அளவுக்கு மேல போயிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு நாள் நல்லா தண்ணி குடிச்சிட்டு மறுபடி வா. இன்னொரு தடவ பாக்கணும்."

"மேல போனா நல்லதுதானே? கம்மியா இருந்தாத்தான் சீக்கு. உனக்கு இருந்துச்சே ஒரு தடவ, அந்த மாதிரி." சிரித்தார். "பொறாமைப்படாத பாப்பா. நம்ம உடம்பு வேற, உன் உடம்பு வேற."

உனக்கு இருந்துச்சே ஒரு தடவை. அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார், ஏதோ ஜலதோஷம் பிடித்திருந்தது போல. "சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவர் பாடு, அவர் ரத்தத்தின் பாடு.

மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒருநாள் அண்ணி போனில் புலம்பினாள். "உங்க அண்ணன் குளிச்சிட்டு வந்தாப் போதும், அரிக்குது அரிக்குதுன்னு வீடு பூரா குதிக்கிறாரு. நாலு சோப்பு மாத்திட்டேன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும். குளித்தபின் அரிப்பு, சிவந்த முகம், எண்ணிக்கையில் ஏற்றம், மூன்றையும் சேர்த்துப் பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் போட்டிருந்தார்கள். படித்து இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பக்கம் அவள் கண்ணுக்குள் நின்றது. எலும்பு மஜ்ஜை யாரும் கேட்காமலேயே சிவப்பணுவை உற்பத்தி செய்து தள்ளுகிற நோய். தாகமாக இருக்கலாம் என்ற சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது.

"அஞ்சாவது சோப்பு வாங்கிப் பாருங்க அண்ணி" என்றாள்.

அதைச் சொன்னதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. மறைப்பானேன். அன்று ராத்திரி சாப்பாடுகூட வழக்கத்தைவிட நன்றாக இறங்கியது.

நாலாவது வாரம் தையல்கடைக்காரம்மா ஒருத்தி சர்க்கரைக்குப் பார்க்க வந்தாள். கையை நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "நான் உங்க அண்ணன்கிட்டதாங்க வண்டி கத்துக்கறேன். அவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"ஏன் கேக்குறீங்க?"

"நேத்து மெயின் ரோட்டுல போறோம். நான் பயந்து ஸ்டியரிங்க விட்டுட்டேன். அவர் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அவர் அதை மிதிப்பாருன்னு பாத்தா, கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. ஸ்கூல் பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுதுங்க. கத்துறேன், அசையவே இல்ல. எப்படி நிறுத்தினேன்னு எனக்கே தெரியாது. அப்புறம் கேட்டா, 'உன்னைச் சோதிச்சுப் பாத்தேன், பாஸ் பண்ணிட்டே'ங்கறாரு."

ரத்தக்கார அக்கா ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள். அழுத்திப் பிடிங்க என்று சொல்ல மறந்துவிட்டாள். ஸ்கூல் பிள்ளைகள். அண்ணன் விழுந்தால் அது அவருக்கும் அவருடைய மூன்று ஹெச்சுக்கும் உள்ள கணக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நடுரோட்டில் போகிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? எண்ணத் தெரிந்தவள் என்று இத்தனை வருஷம் எல்லோரையும் கேவலமாகப் பார்த்தவள், எண்ணிய எண்ணை வைத்துக்கொண்டு ஐந்தாவது சோப்பு வாங்கச் சொல்லியிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தடியர்களைவிடத் தான் ஒன்றும் உயர்ந்தவளில்லை என்று அவளுக்கு உறைத்தது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

ரப்பர் பட்டை, ஊசி, ஊதா மூடி ட்யூப் இரண்டு எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

ஒரே அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், மூலையில் இரும்புத் தண்டில் மாட்டிய பழைய ஸ்டியரிங், பெஞ்சில் கற்றுக்கொள்ள வந்த மூன்று பேர். மாஸ்டரின் நாற்காலிக்கு நேர் மேலே, லைசென்ஸ் அனுமதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில், லேமினேஷன் செய்து ஆணியடித்து மாட்டியிருந்தது அவளுடைய நிலையத்தின் ரிப்போர்ட். மூன்று ஹெச்சையும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். நூற்றுக்கு நூறு வாங்கின பையன்கூட மார்க் ஷீட்டை இப்படிச் சுவரில் ஏற்றியிருக்க மாட்டான்.

"வா பாப்பா, வா. இது என் தங்கச்சி. இவதான் அந்த டெஸ்ட் எடுத்தா" என்றார் அண்ணன், பெஞ்சைப் பார்த்து.

அவள் உட்காரவில்லை. செருப்போடு ஸ்டூலில் ஏறி அதை ஆணியிலிருந்து கழற்றினாள். பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"இது என்னன்னு மாஸ்டர் சொன்னாரா?"

"ஹெல்தின்னு சொன்னாரு" என்றார் பெஞ்சிலிருந்த காய்கறி வண்டிக்காரர்.

"ஹெல்தின்னு எந்த மெஷினும் யாருக்கும் போடாது. ஹெச்சுன்னா எல்லை தாண்டிப் போயிருக்குன்னு அர்த்தம். அம்பது இருக்க வேண்டிய இடத்துல எழுபத்திரண்டு. ரோட்டுல அம்பதுல போற இடத்துல எழுபத்திரண்டுல போனா உங்க மாஸ்டர் என்ன சொல்லுவாரு?"

"அபராதம்" என்றார் வண்டிக்காரர், பாடத்தை ஒப்பிப்பது போல.

மாஸ்டரின் முகத்தில் இருந்த சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பு ஏறியது. எழுந்தார். "வீட்டு விஷயம் பாப்பா. வெளிய போய்ப் பேசலாம்."

வெளியே பயிற்சிக் காரில் உட்கார்ந்தார்கள். டிரைவர் சீட்டில் அவள், பக்கத்தில் அவர், அவர் காலடியில் அந்த இரண்டாவது பிரேக். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் தங்கச்சிக்கு ஒரு நாள்கூட ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே."

"நேத்து கண்ணு எத்தன நிமிஷம் தெரியல?"

அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "யார் சொன்னா?"

"எத்தன நிமிஷம்?"

"ரெண்டு, மூணு நிமிஷம். வலது கண்ணு. திரைய இழுத்துவிட்ட மாதிரி. அப்புறம் சரியாப் போச்சு."

"அதுதான் எச்சரிக்கை. உன் ரத்தம் கூழாயிடுச்சு. கண்ணுக்குப் போற வழியில ஒரு தடவ அடைச்சிருக்கு. அடுத்த தடவ மூளையில அடைச்சா கை கால் விழுந்துடும். இல்ல, ஒரேயடியாப் போய்டுவ. நீ பிரேக்க மிதிக்காம விட்டா எவன் பிள்ளையோ போகும். கைய நீட்டு."

அவர் நீட்டினார். மறுபடியும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முதல் கியர்ல கிளட்ச மெதுவா விடணும், ரெண்டாவது கியர்ல..." என்று யாருக்கோ பாடம் நடத்த ஆரம்பித்தார். நாலாவது கியருக்கு வருவதற்குள் அவள் ட்யூபை நிரப்பிவிட்டாள். பிறகு கையை நீட்டி இக்னிஷனிலிருந்து சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

இந்த முறை எழுபத்து நாலு லட்சம். காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தும் எழுபத்து நாலு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த நோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் இரண்டு பரிசோதனை, பத்து நாள் காத்திருப்பு. பாடப்புத்தகத்துப் பத்தி அப்படியே நிஜமாகி வந்து நின்றது. தினமும் ஒரு சின்ன மாத்திரை, பிறகு தேவைப்பட்டால் இன்னொரு மாத்திரை. முதல் வைத்தியம் மட்டும் உடனே: அளவு இறங்கும்வரை வாராவாரம் உடம்பிலிருந்து ஒரு பை ரத்தத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். காலாகாலத்தில் கூட்டி வந்தீர்கள், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் அவளைப் பாராட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை ரத்த வங்கியில் சாய்வு நாற்காலி. அதற்குள் மாஸ்டருக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. காத்திருப்பு அறையில் இருந்தவர்களிடமெல்லாம், "ரத்தம் குடுக்க வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்த படிவத்தில் 'கொடையாளர்' என்ற இடத்தில் பட்டம் பதவி எல்லாம் சேர்த்துத் தன் பெயரை நீட்டி முழக்கி எழுதினார். நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். கொடையாளர் என்பதை அடித்துவிட்டு மேலே 'நோயாளி' என்று எழுதினாள். அவர் அதைக் கவனிக்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி தடிமனானது. அதைப் பார்த்ததும் அண்ணனின் கால் விரல்கள் மடங்கின. இந்த முறை கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. நர்ஸ் குத்தியபோது, பக்கத்தில் நின்ற தங்கச்சியின் சுண்டுவிரலை எட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் உருவிக்கொள்ளவுமில்லை, பதிலுக்குப் பிடிக்கவுமில்லை. குழாய் வழியாகக் கருஞ்சிவப்பு, அவசரமே இல்லாமல் பைக்குள் இறங்கியது.

பை நிறைய வெகு நேரம் ஆயிற்று. ஊசி வெளியே வந்தபின் அவருக்குக் குரல் திரும்பியது.

"இதை யாருக்குப் பாப்பா குடுப்பாங்க? நம்ம குரூப்பு கிடைக்கிறது கஷ்டமாச்சே. வரிசையில நிப்பாங்கல்ல?"

"யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"அப்புறம்?"

"கொட்டிடுவாங்க. வியாதிக்காரன் ரத்தம்."

அவர் பையைப் பார்த்தார். நர்ஸ் அதன் வாயை மூடி, தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் இரண்டு உள்ளங்கையில் ஏந்தக்கூடிய அளவுதான்.

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு உனக்கு எவ்வளவு கேட்டாங்க?"

"ஒரு பை."

"இவ்வளவா?"

"இவ்வளவுதான்."

அண்ணன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு ரத்தமெல்லாம் கம்மி இல்ல பாப்பா. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லல. ஊசின்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே பயம். மாப்ள வந்து நின்னப்போ கை நடுங்கிடுச்சு, அதை மறைக்கத்தான் அந்தக் குண்டக் கையில எடுத்தேன். லைசென்ஸ் டாக்டர் எழுதிக் குடுத்தப்பகூட வேற எங்கயும் போக முடியல. நீ குத்துனா வலிக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

முப்பத்தொரு வருஷம். அவள் நெஞ்சில் ஒரு கல்நெஞ்சக்காரனைச் செய்துவைத்து, அவனை எண்ணிப் பார்க்கவே ஒரு தொழிலைக் கற்று, அவன் சாகட்டும் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டும் இருந்தாள். அங்கே இருந்ததோ ஊசிக்குப் பயந்து குண்டைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு கோழை. வெறுக்கிற அளவுக்குக்கூடத் தகுதியில்லாத ஆளையா இத்தனை நாள் வெறுத்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்புகிற இடம் இல்லை அது.

நர்ஸ் பையை மஞ்சள் கழிவுத் தொட்டிக்குள் போட்டாள். தொப்பென்று விழுந்தது. மாஸ்டர் அந்தச் சத்தத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அழுத்திப் பிடி" என்றாள் அவள். பஞ்சு நழுவியிருந்தது. அவளே அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

"அடுத்த வாரமும் வரணுமா பாப்பா?"

"வரணும்."

"நீயே குத்துவியா?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவருகில் அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார், இளைஞர், கொடையாளர் என்று எழுதிய படிவம் கையில்.

"இங்க விடுவாங்களான்னு கேட்டுப் பாக்குறேன்" என்றாள். "ஏழு மணிக்கு வா. தண்ணி குடிச்சிட்டு வா."